வயரைப் பிடுங்கினா என்ன காட்டும்?

ஜனவரி வந்தா நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு ஒரு போன் கண்டிப்பா வரும். சொந்தத்துல ஒரு பையனோ, பக்கத்து வீட்டுப் பொண்ணோ ஃபைனல் இயர் வந்திருப்பாங்க. "அண்ணே, நல்ல ப்ராஜெக்ட் ஐடியா இருந்தா சொல்லுங்க. ஐஓடி இருந்தா இன்னும் நல்லாருக்கும்." நான் ஆபீஸ்ல புடுங்கறது ஜாவா ஆணி. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா ஆர்டுயினோவை நோண்டுற கெட்ட பழக்கம் உண்டுன்னு குடும்பத்துக்கே தெரியும். அதனால தப்பிக்க முடியாது :-)

ஒவ்வொருத்தருக்கும் இதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதான் ஒரே பதிவா எழுதி வெச்சிடலாம்னு. ஈசிஈ, ஈஈஈ படிச்ச மக்கள் நம்ம வட்டத்துல நிறைய பேர் இருக்கீங்க. உங்க வீட்டுலயும் யாராவது இந்த வருஷம் மாட்டியிருப்பாங்க. அவங்களுக்கு அனுப்பி வைங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

தலைப்பு விக்கிற கடை

நம்ம ஊர்ல ப்ராஜெக்ட் சென்டர்னு ஒரு தனித் தொழிலே நடக்குது. உள்ள போனா மெனு கார்டு மாதிரி ஒரு லிஸ்ட் தருவாங்க. ஸ்மார்ட் குப்பைத்தொட்டி, கண் தெரியாதவங்களுக்கு ஸ்மார்ட் குச்சி, மண் ஈரம் பாத்து தண்ணி விடுற தோட்டம், கேஸ் லீக் அலாரம். அல்ட்ராசோனிக் சென்சார் ஒண்ணு, 16க்கு 2 எல்சிடி ஒண்ணு, நடுவுல ஒரு போர்டு. குப்பைத்தொட்டி மேல மாட்டினா ஒரு ப்ராஜெக்ட், குச்சில கட்டினா இன்னொரு ப்ராஜெக்ட். பணத்தைக் கட்டினா பொட்டி, ரிப்போர்ட், பிபிடி மூணும் கைக்கு வந்துடும்.

அங்க உக்காந்து சால்டரிங் பண்றவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவங்கள்ல பல பேர் நம்மளை மாதிரியே இன்ஜினியரிங் படிச்சவங்கதான். ஒரு சீசனுக்கு நாப்பது ப்ராஜெக்ட் பண்ற ஆளுக்கு, காலேஜ்ல பாடம் எடுக்கற சில பேரை விட கை நல்லாவே ஓடும். கத்துக்கறது அவங்க, சர்டிஃபிகேட் வாங்கறது நாம. பிரச்சினை அதுதான்.

போன வருஷம் என் சித்தி பொண்ணு டீமுக்கும் இதே கதைதான். திண்டுக்கல் பக்கம் சித்தி வீடு. தங்கச்சி ஈசிஈ ஃபைனல் இயர், டீம்ல மூணு பேருமே பொண்ணுங்க. சென்டர்ல 14,000 ரூபாய் கேட்டிருக்காங்க. சித்தப்பா லோடு வண்டி ஓட்டுறவர். "ஆளுக்கு அஞ்சாயிரம் வருதுப்பா, சீட்டு எடுத்துக் குடுத்துடலாம். பொண்ணு பாஸ் பண்ணணும்ல?"ன்னு எங்கிட்ட சாதாரணமாத்தான் சொன்னார். தங்கச்சிதான் போனை வாங்கி மெதுவா கேட்டா. "அண்ணே, மூணு செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்லயும் பசங்க போர்டு பாத்தாங்க, நாங்க டாக்குமெண்டேஷன் டைப் பண்ணோம். இதையும் காசு குடுத்து வாங்கிட்டா, நான் நாலு வருஷத்துல என்னதான் பண்ணேன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. "வாங்காத. செய்யலாம்"னு மட்டும் சொன்னேன்.

கேள்வி முதல்ல, சாமான் அப்புறம்

அவங்க டீம் முதல்ல எழுதி வெச்சிருந்த திட்டத்தைப் பாக்கணுமே! தண்ணி அளவு, தண்ணி சுத்தம், மோட்டார் ஆட்டோமேட்டிக்கா ஓடறது, மொபைல் ஆப், எஸ்எம்எஸ், கிளவுட். அஞ்சு ப்ராஜெக்ட்டை ஒரு பொட்டிக்குள்ள அடைச்சு மூடி போடற ஐடியா.

ஒவ்வொண்ணா அடிச்சோம். எஸ்எம்எஸ் அனுப்ப சிம்900 மாட்யூல்னு போட்டிருந்தாங்க. அது 2ஜி மாட்யூல். வீட்டுல எல்லாரும் வெச்சிருக்கறது ஜியோ சிம், அது 2ஜியில வேலையே செய்யாது. அதோட அந்த மாட்யூல் சேதி அனுப்பற நேரத்துல 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், யூஎஸ்பி வயர்ல ஓட்டினா போர்டு ரீசெட் ஆயிட்டே இருக்கும். அதை அடி. மோட்டார்? அது 230 வோல்ட். முதல் தடவை செய்யறவங்க ஈரக் கையோட மொட்டை மாடியில நின்னு ரிலேயும் மெயின் கரண்டும் விளையாட வேண்டாம். அளக்கறது ஒரு ப்ராஜெக்ட், மோட்டார் போடறது இன்னொரு ப்ராஜெக்ட். அதையும் அடி.

மிச்சம் நின்னது ஒரே கேள்வி. சமையக்கட்டுல நிக்கற சித்திக்கு மாடிக்கு ஏறாம, 'டாங்குல எவ்ளோ தண்ணி இருக்கு?'ன்னு தெரியணும். அவ்வளவுதான். மோட்டாரைப் போட்டுட்டு மறந்து, பக்கத்து வீட்டுச் சுவத்துல தண்ணி வழிஞ்சு சண்டை வந்த வீடு அது. கேள்வி நிஜம்.

"இது ரொம்ப சின்னதா இல்லையா அண்ணே? கைடு ஒத்துக்க மாட்டார்"ன்னா. சின்னக் கேள்விக்கு சரியா பதில் சொன்னாலே போதும்னு சொன்னேன். எவ்ளோ பெருசுன்னு அப்புறம் அவளுக்கே தெரிஞ்சுது.

குச்சி வெச்சு ஒரு வாரம்

சென்சார் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கையால அளக்கச் சொன்னேன். ஒரு மூங்கில் குச்சி, ஒரு இன்ச் டேப், ஒரு நோட்டு. காலைல 6, மதியம் 1, ராத்திரி 9. முதல்ல மூணு பேரும் சிரிச்சாங்க. ஆனா அந்த ஒரு வாரத்துல தெரிஞ்ச விஷயங்களைப் பாருங்க.

1. டாங்க் 1,000 லிட்டர், உருளை வடிவம், விட்டம் 1 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. கணக்குப் போட்டா 1 செமீ உயரத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர். அதாவது 3 செமீ தப்பா காட்டினா ரெண்டு குடம் தண்ணி தப்பு. எவ்ளோ துல்லியம் வேணும்ங்கறதுக்கு இப்போ ஒரு அளவுகோல் கிடைச்சாச்சு.

2. நிறைஞ்சப்போ தண்ணி மூடிக்கு 12 செமீ கீழ வரைக்கும் வருது.

3. உள்ள வர்ற பைப் ஒரு ஓரமா நீட்டிக்கிட்டு நிக்குது.

4. மதியம் மூடியைத் திறந்தா அனல் அடிக்குது. கறுப்பு டாங்க்.

இந்த நாலும் எந்த டேட்டாஷீட்லயும் இருக்காது. பின்னாடி நாலுமே ஒவ்வொரு நாள் ஒவ்வொரு ரூபத்துல வந்து நின்னுச்சு.

சென்சார் சொல்றது தூரம் இல்ல, நேரம்

எல்லாரும் வாங்கற ஹெச்சி-எஸ்ஆர்04, ரெண்டு கண்ணு வெச்ச குட்டிச் சென்சார். டிரிக்கர் பின்னுல 10 மைக்ரோசெகண்ட் ஒரு தட்டு தட்டினா, 40 கிலோஹெர்ட்ஸ்ல எட்டு அலையை அனுப்பும். அது போய் மோதித் திரும்பி வர்ற வரைக்கும் எக்கோ பின் மேலேயே நிக்கும். அந்த நேரத்தை 58ஆல வகுத்தா செமீ. காலேஜ் லேப்ல அருமையா வேலை செய்யும். டாங்க்குள்ள மாட்டினா நீராவி ஏறி கண்ணு ரெண்டும் குளிச்சுடும்.

அதனால வாட்டர்ப்ரூஃப் ரகம், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, ரிச்சி ஸ்ட்ரீட்ல நான்தான் வாங்கி அனுப்பினேன். இதுல ஒரு சிக்கல். சென்சாருக்கு ரொம்பக் கிட்ட, கிட்டத்தட்ட 20-25 செமீக்குள்ள இருக்கறது இதுக்குத் தெரியாது. அலையை அனுப்பின அதிர்வு அடங்கறதுக்குள்ள எக்கோ வந்துடும். டாங்க் நிறைஞ்சா 12 செமீன்னு குச்சி சொல்லிச்சே! அப்போ நிறையற நேரம் பாத்து சென்சார் குருடாயிடும். மூடியில ஓட்டை போட்டு, அது மேல ஒரு அகலமான பிவிசி துண்டை நிறுத்தி, சென்சாரை 15 செமீ மேல தூக்கினாங்க.

முதல் நாள் என்ன பண்ணாலும் 35 செமீன்னு காட்டுச்சு. தண்ணி ஏறினாலும் 35, இறங்கினாலும் 35. அலை விரிஞ்சு போய் அந்த பைப்ல பட்டுத் திரும்புது! ஓட்டையை எதிர்ப்பக்கம் மாத்தினதும் சரியாச்சு. அப்பப்போ ஒரு தடவை மட்டும் 180, 7ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதுக்கு சராசரி எடுக்காதீங்க. ஒரு பொய் அஞ்சு உண்மையையும் கெடுத்துடும். அஞ்சு தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவுல இருக்கறதை எடுத்துக்கணும்.

இதுக்கு அப்புறம்தான் அசல் கூத்து.

டேப்புக்கும் சென்சாருக்கும் ஒரு டேபிள் போடச் சொல்லியிருந்தேன். காலைல சரியா இருந்துச்சு. டேப்ல 100 செமீன்னா சென்சார்ல 99, 100. மதியம் மட்டும் 97. சென்சார் ரிப்பேர், வேற வாங்கணும்னு தங்கச்சி போன்ல ஒரே புலம்பல்.

"எல்லா நேரமும் தப்பா, ஒரு சில நேரம் மட்டும் தப்பா?"

நோட்டைப் புரட்டற சத்தம் கேட்டுச்சு. "பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும்தான் அண்ணே." கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அண்ணே... ஒலியோட வேகம் வெப்பத்துக்கு ஏத்த மாதிரி மாறும்ல? ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்?"

அதேதான். காத்துல ஒலியோட வேகம் பூஜ்யம் டிகிரியில விநாடிக்கு 331 மீட்டர் சொச்சம். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். 58ஆல வகுக்கறதுங்கற கணக்கு 22 டிகிரி பக்கம் இருக்கற காத்துக்குத்தான் பொருந்தும். திண்டுக்கல் மார்ச் மாசத்து மதியம், கறுப்பு டாங்க்குள்ள 40 டிகிரின்னா ஒலி 355 மீட்டர் வேகத்துல போகும். சீக்கிரம் போய் சீக்கிரம் வந்துடும். தண்ணி பக்கத்துல இருக்கறதா சென்சார் நினைச்சுக்கும். 100 செமீ 97 ஆயிடும். ரெண்டு குடம் தண்ணி காத்துல முளைச்சுடும்!

சென்சார் சொன்னது உண்மை. அது அளந்தது நேரம். அதைத் தூரம்னு மாத்தற இடத்துல நம்ம அனுமானம் ஒண்ணு உக்காந்திருந்துச்சு. இணையத்துல கிடைக்கற ஆயிரம் ப்ரோக்ராம்ல அந்த 58 அப்படியே இருக்கும், எங்க இருந்து வந்துச்சுன்னு பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டாங்க.

டிஎஸ்18பி20 டெம்பரேச்சர் சென்சார் ஒண்ணு, 4.7கே ரெசிஸ்டர் ஒண்ணு. அதோட டேட்டாஷீட் படி அரை டிகிரிக்குள்ள சொல்லும். 58க்குப் பதிலா வேகத்தைக் கணக்குப் போட்டு வகுத்ததும், மதியத் தப்பு 1 செமீக்குள்ள வந்துடுச்சு. மிச்சத்துக்கு டாங்க்குள்ள இருக்கற ஈரப்பதமும் ஒரு காரணம். அதையும் டேபிள்ல எழுதி வைன்னு சொன்னேன். மறைக்காத, எழுது.

டிஸ்ப்ளே யாருக்கு?

16க்கு 2 எல்சிடி முதல் தடவை மாட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. லைட் எரியுது, எழுத்து வரலைன்னா உடனே கடைக்காரரைத் திட்டாதீங்க. பின்னாடி இருக்கற குட்டித் திருகைத் திருப்பிப் பாருங்க, கான்ட்ராஸ்ட். மேல் வரிசையில மட்டும் கறுப்புக் கட்டங்கள் தெரிஞ்சா, டிஸ்ப்ளேக்கு கரண்ட் வந்திருக்கு, சேதி போய்ச் சேரலைன்னு அர்த்தம். ஐ-ஸ்கொயர்-சி அட்டை ஒட்டினதா இருந்தா அட்ரஸ் பெரும்பாலும் ஹெக்ஸ் 27 இல்லேன்னா 3எஃப். அட்டையில இருக்கற சிப்போட பேர்ல 8574டின்னு இருக்கா, 8574ஏன்னு இருக்கான்னு பாத்தா எதுன்னு தெரிஞ்சுடும்.

அடுத்தது, 100ல இருந்து 99க்கு இறங்கினா எல்சிடி 990ன்னு காட்டும். பழைய பூஜ்யத்தை யாரும் அழிக்கல, அதுவா அழியாது. ஒவ்வொரு தடவையும் மொத்தமா அழிச்சு எழுதினா கண்ணு சிமிட்டும். நம்பருக்குப் பின்னாடி ஒரு இடைவெளியையும் சேத்து எழுதினா முடிஞ்சுது வேலை.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், என்ன காட்டறதுங்கறது. முதல் வெர்ஷன்ல அவங்க காட்டினது தூரம், 43.27ன்னு. அந்தச் சென்சாருக்கு 0.27 எல்லாம் தெரியவே தெரியாது. அந்த ரெண்டு இலக்கமும் சுத்தப் பொய். சித்தி பாத்துட்டு, "நாப்பத்தி மூணுன்னா நிறைய இருக்கா, கம்மியா இருக்கா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி! தூரம் கூடினா தண்ணி குறைவுங்கறது நமக்குப் பழகின தலைகீழ் கணக்கு. வீட்டுல யாருக்கும் அது வேண்டாம்.

அடுத்த வெர்ஷன்ல மேல் வரிசையில 16 கட்டத்துல ஒரு பட்டை, டாங்க் படுத்துக் கிடக்கற மாதிரி. கீழ் வரிசையில எத்தனை குடம். அந்த எல்சிடியில நாமளே புள்ளி வெச்சு வரையறதுக்கு 8 எழுத்துக்கு இடம் உண்டு, ஒவ்வொண்ணும் 5க்கு 8 புள்ளி. அதுல ஒண்ணுல தங்கச்சியோட ஃபிரெண்டு ஒரு குடம் வரைஞ்சா. பாக்க கொஞ்சம் பூசணிக்காய் மாதிரி இருந்துச்சு, இருந்தாலும் குடம்தான் :-) சித்திக்கு அதுக்கப்புறம் விளக்கமே தேவைப்படல.

பூஜ்யம் பண்ற துரோகம்

இப்போ நான் எந்த மாணவரைப் பாத்தாலும் கேக்கற கேள்விக்கு வர்றேன். எல்லாம் ஓடிக்கிட்டிருக்கும்போது சென்சார் வயரைப் பிடுங்கினா டிஸ்ப்ளே என்ன காட்டும்?

பண்ணிப் பாத்தோம். டாங்க் ஃபுல்லுன்னு காட்டுச்சு.

ஏன்னா, ஆர்டுயினோவுல எக்கோ நேரத்தை அளக்கற பல்ஸ்இன், எதுவும் வரலைன்னா காத்திருந்து பாத்துட்டு பூஜ்யம்னு திருப்பித் தரும். நேரம் பூஜ்யம், அதனால தூரம் பூஜ்யம், அதனால தண்ணி சென்சாரைத் தொட்டுக்கிட்டு நிக்குது, அதனால டாங்க் ஃபுல். எலி வயரைக் கடிச்சுட்டா சித்தி வீட்டுல 'ஃபுல்'னு பாத்துக்கிட்டே துணியை சோப்புல ஊற வெச்சுடுவாங்க. மோட்டாரும் இதோட சேந்திருந்தா அது ஓடவே ஓடாது.

டெம்பரேச்சர் சென்சாரைப் பிடுங்கினா, அதுக்கு எல்லாரும் போடற லைப்ரரி மைனஸ் 127 டிகிரின்னு சொல்லும். அதுதான் யோக்கியமான பதில். திண்டுக்கல்ல மைனஸ் 127 வராதுன்னு குழந்தைக்கும் தெரியும். ஆனா பூஜ்யம் நம்பற மாதிரி இருக்கற பொய். நம்ம ஆபீஸ் ஆணியிலயும் இதே கதைதானே? பதில் வரலைங்கறதையும், பதில் பூஜ்யம்ங்கறதையும் ஒண்ணாக்கின ஒரு வரி, ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பேரை எழுப்பியிருக்கு!

அதனால பூஜ்யமோ, டாங்க் உயரத்தைத் தாண்டின நம்பரோ வந்தா பட்டையை அழிச்சுட்டு ரெண்டு கேள்விக்குறி. எக்கோ பின் வயர் இல்லாம அந்தரத்துல தொங்கினா வாய்க்கு வந்ததைச் சொல்லும், அதனால 10கே ரெசிஸ்டர் வெச்சு அதை கிரவுண்டோட கட்டினாங்க.

இன்னொண்ணும் உண்டு. ப்ரோக்ராம் நடுவுல தொங்கிட்டா எல்சிடி கடைசி நம்பரை அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கும். செத்த டிஸ்ப்ளேயும் உயிரோட இருக்கற டிஸ்ப்ளேயும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். அதுக்கு ஓரத்துல ஒரு புள்ளி, ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் சிமிட்டும். சித்திகிட்ட அவ சொன்னது: "அம்மா, புள்ளி துடிச்சா நம்பு. நின்னா நம்பாத."

மாடியில இருந்து சமையக்கட்டுக்கு

டிஸ்ப்ளேயோட ஐ-ஸ்கொயர்-சி வயரை அப்படியே 15 மீட்டர் இழுத்துடலாம்னு முதல்ல நினைச்சாங்க. அது போர்டுக்குள்ள சிப்புக்கும் சிப்புக்கும் பேசறதுக்குன்னு பண்ணின ஏற்பாடு. வயர் நீளமானா கெப்பாசிட்டன்ஸ் ஏறி சேதி குழம்பிடும். அதுக்கு வரையறுத்த உச்சமே 400 பிக்கோஃபாரட்தான். அதனால மாடியில டப்பாவுக்குள்ள ஒரு நானோ, கீழ ஒரு ஊனோ, நடுவுல ரெண்டு மேக்ஸ்485 மாட்யூல், கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள்ல முறுக்கின ஒரு ஜோடி வயர். ஃபேக்டரிகள்ல நூத்துக்கணக்கான மீட்டருக்குப் போடற முறை, நம்ம மாடிப்படிக்குத் தாராளம். கீழ இருக்கற போர்டுக்கு 10 செகண்ட் சேதி வரலைன்னா அதுவும் கேள்விக்குறிதான்.

செலவு? அடாப்டர், கேபிள், டப்பா எல்லாம் சேத்து 2,300 ரூபாய் சொச்சம். ஆளுக்கு 800 கூட இல்ல.

"ஆர்டுயினோ விளையாட்டு பொம்மை, 8051ல பண்ணு"ன்னு ஒரு சார் சொன்னாராம். 8051 இன்டெல் 1980ல கொண்டு வந்தது, பாடத்துக்கு நல்ல சிப். ஆர்டுயினோ 2005ல இத்தாலியில இவ்ரேயாவுல டிசைன் படிக்கற மாணவர்களுக்காகப் பிறந்தது, எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவங்களும் செய்யணும்னுதான். இருக்கட்டுமே. ஊனோவுல இருக்கற சிப்புக்கு ரேம் வெறும் 2 கிலோபைட். அதுல ஒழுங்கா ஒரு ப்ரோக்ராம் எழுதறவங்களுக்குக் கஞ்சத்தனம் தானா வந்துடும். பதினாலாயிரத்துக்கு வாங்கின 8051ஐ விட, தானா செஞ்ச ஆர்டுயினோ மேல்.

நேரக் கணக்கு

இதை அப்படியே எழுதி வெச்சுக்கோங்க, பத்து வாரத்துக்கு:

முதல் வாரம் கேள்வியும் குச்சியும்.
ரெண்டு, மூணாவது வாரம் சென்சார் மட்டும். எல்சிடியைத் தொடாதீங்க, கம்ப்யூட்டர் திரையில நம்பரைப் பாத்தா போதும்.
நாலாவது வாரம் எல்சிடி மட்டும். சென்சாரைத் தொடாதீங்க, பொய் நம்பரைக் குடுத்து ஓட்டுங்க.
அஞ்சு, ஆறு ரெண்டையும் சேக்கறது. இங்கதான் கிரவுண்ட் வயரை விட்டுட்டு ரெண்டு நாள் அழுவீங்க.
ஏழு, எட்டு நிஜ இடத்துல மாட்டி தப்பு டேபிள்.
ஒன்பது பிரெட்போர்டுல இருந்து சால்டருக்கு. ஆடற வயரோட வைவாவுக்குப் போகாதீங்க.
பத்து ரிப்போர்ட்.

எல்லாரும் முதல் நாளே எல்லாத்தையும் சேத்து மாட்டி, ஓடலைன்னா எது தப்புன்னே தெரியாம முழிப்பாங்க. ஒவ்வொண்ணா நிறுத்தி வெச்சுட்டு வந்தா, தப்பு எங்க புதுசா நுழைஞ்சுதுன்னு தெரியும்.

வைவா

ஏப்ரல் கடைசி. கேண்டீன்ல ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்கி வெச்சு டெமோ. வெளியில இருந்து வந்த எக்ஸ்டர்னல் வயசானவர், காலைல இருந்து வரிசையா ஸ்மார்ட் குச்சியும் குப்பைத்தொட்டியுமா பாத்துக் களைச்சுப் போயிருந்தாராம். "தண்ணி லெவலா... சரி ஓட்டு"ன்னு சொல்லிட்டு, ஒரு நிமிஷம் பாத்தாராம். அப்புறம் ஒரு வார்த்தையும் பேசாம கையை நீட்டி சென்சார் வயரைப் பிடுங்கிட்டாராம்.

பட்டை அழிஞ்சுது. ரெண்டு கேள்விக்குறி.

அவர் நிமிந்து உக்காந்து, "ஏன் கேள்விக்குறி? பூஜ்யம்னு காட்டலாமே?"ன்னு கேட்டிருக்கார். தங்கச்சி சொல்லியிருக்கா. அப்புறம் அந்தத் தப்பு டேபிளை எடுத்து வெச்சுக்கிட்டு மதியம் ஏன் 97ன்னு அடுத்தவ சொல்லியிருக்கா. பைப், 35 செமீ, பிவிசி துண்டு எல்லாத்தையும் மூணாவது பொண்ணு. பத்து நிமிஷம்னு சொன்ன வைவா அரை மணி நேரம் ஓடியிருக்கு. "இதை யார் செஞ்சது?"ங்கற கேள்வியை மட்டும் அவர் கேக்கவே இல்லையாம்.

எனக்கு அதுதான் பெருசாத் தெரிஞ்சுது. மார்க் எவ்ளோன்னு நான் கேக்கல.

வேலை செய்யற ப்ராஜெக்ட்டை யார் வேணா விலைக்கு வாங்கிடலாம். அது எந்த நேரத்துல, எவ்ளோ, எதனால தப்பா காட்டும்ங்கறதை மட்டும் விலைக்கு வாங்க முடியாது. அது மொட்டை மாடியில வெயில்ல நின்னவங்களுக்குத்தான் கிடைக்கும். ரிப்போர்ட்ல எழுபது பக்கம் இருக்கலாம், அந்த ஒரு பக்க டேபிள்தான் ப்ராஜெக்ட்டே.

அந்தப் பெட்டி இப்பவும் சித்தி வீட்டு சமையக்கட்டுல, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல தொங்குது. மழைக்காலத்துல ஒரு தடவை கேள்விக்குறி வந்துச்சாம். சித்தப்பாவே மாடிக்கு ஏறி, கனெக்டர்ல இருந்த ஈரத்தைத் துடைச்சுட்டு வந்திருக்கார். "புள்ளி துடிக்குதா பாரு"ன்னு மேல இருந்து கத்தினாராம்.

டிஸ்கி 1: போர்டு மாசக்கணக்கா ஓடினா, மில்லிசெகண்ட் எண்ணற கணக்கு 49 நாள் சொச்சத்துல திரும்ப பூஜ்யத்துக்கு வந்துடும். இப்போ இருக்கற நேரத்துல இருந்து பழைய நேரத்தைக் கழிச்சுப் பாத்தா தப்பிச்சீங்க. ரெண்டையும் கூட்டிப் பாத்தா மாட்டினீங்க.

டிஸ்கி 2: உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல வயரைப் பிடுங்கினா என்ன காட்டியிருக்கும்? கூச்சப்படாம பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே :-)